கண்ணாடியை மாற்றினால் கண்ணையும் சரிபார்ப்போம்

ஒரு காலத்தில் தோட்டத்து லயன் வீடுகளின் முன் மிதிவண்டிகள் நின்றன. பிறகு மோட்டார் சைக்கிள்கள் வந்தன. இன்றோ, பட்டணத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் மாதத் தவணையில் வாங்கிய கார்களும் நிற்கின்றன. அவற்றில் பல கார்களுக்கு இப்போது கண் இருக்கிறது. அந்தக் கண்ணைப் பற்றியும், அதன் முன்னால் இருக்கும் கண்ணாடியைப் பற்றியும் இன்று சிறிது சிந்திப்போம்.

செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்றின் பின்னால் நம் கார் போகிறது என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்துச் செம்மண் பாதையில் லோரியின் டயரில் சிக்கிய கல் ஒன்று, தார்ச்சாலை ஏறியதும் தெறித்து நம் கண்ணாடியில் அடிக்கிறது. முதலில் மிளகு அளவில் ஒரு புள்ளி. பகல் வெயிலிலும் மாலை மழையிலும் அது மெல்ல மெல்ல நீண்டு, கண்ணாடியின் குறுக்கே ஒரு கோடாகிவிடுகிறது. கடைக்குப் போகிறோம். பழைய கண்ணாடியைக் கழற்றிப் புதியதை ஒட்டித் தருகிறார்கள். கார் ஓடுகிறது, எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. வேலை முடிந்தது என்று வீட்டுக்கு வருகிறோம்.

வேலை முடிந்துவிட்டதா? பழைய கார் என்றால் முடிந்துவிட்டது. கண் உள்ள கார் என்றால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

அந்தக் கண் எங்கே இருக்கிறது? ஓட்டுநர் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியின் அருகே, முன்கண்ணாடியின் உட்புறத்தில் மேலே பாருங்கள். கறுப்பு உறைக்குள் கேமரா இருக்கும். பெரோடுவா நிறுவனம் 2017 நவம்பரில் வெளியிட்ட மூன்றாம் தலைமுறை மைவி காரின் உயர்ந்த வகையில் இந்த ஏற்பாடு வந்தது. அதன் பின் 2019இல் வந்த அருஸ், 2021இல் வந்த அத்திவா, 2022இல் வந்த புதிய அல்சா ஆகிய கார்களிலும் இது இடம்பெற்றது. காரின் வகைக்குத் தக்கபடி இருப்பதும் இல்லாததும் மாறும். ஆகவே நம் காரைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

மைவி காரில் இருப்பது இரட்டைக் கேமரா. நமக்கு இரண்டு கண்கள் இருப்பது போலத்தான் அதுவும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள், எவ்வளவு தடுமாற்றம்! இரண்டு கண்களும் சற்று வேறுபட்ட இரண்டு காட்சிகளைப் பார்ப்பதால்தான் தூரம் நமக்குச் சரியாகப் பிடிபடுகிறது. அதே முறையில் அந்தக் கேமராவும் முன்னால் உள்ள வாகனம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடுகிறது. மோதிவிடும் நிலை வந்தால் முதலில் ஒலி எழுப்புகிறது; நாம் கவனிக்காவிட்டால் பிரேக்கையும் தானே பிடிக்கிறது. வேறு சில கார்களில் ஒற்றைக் கேமராவும், காரின் முன்புறத்தில் ரேடார் கருவியும் சேர்ந்து இந்த வேலையைச் செய்கின்றன.

இந்தக் கேமரா சாலையை நேராகப் பார்ப்பதில்லை. முன்கண்ணாடியின் வழியாகவே பார்க்கிறது. கண்ணாடி அதற்கு மூக்குக்கண்ணாடி போன்றது. கண்ணாடியின் கனம் சற்று மாறினாலும், வளைவு சற்று மாறினாலும், கேமரா பொருந்தும் பிடிப்பு இம்மியளவு விலகினாலும், அது பார்க்கும் திசை மாறிவிடும்.

இம்மியளவுதானே, அதில் என்ன கெட்டுவிடப் போகிறது என்று கேட்கலாம். செம்பனைக் கன்று நடுவதற்கு முன் வரிசைக் குச்சி ஊன்றுவதைத் தோட்டத்தில் நாம் பார்த்திருக்கிறோம். முதல் இரண்டு குச்சிகள் சற்றுக் கோணினால், அருகில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. வரிசையின் கடைசிக்குப் போனால்தான் கன்று அடுத்த வரிசையின் பக்கம் சாய்ந்திருப்பது தெரியும். கேமராவும் அப்படியே. அது 1 பாகை மட்டும் பக்கவாட்டில் திரும்பியிருந்தால், 50 மீட்டர் தூரத்தில் அதன் குறி ஏறத்தாழ 87 சென்டிமீட்டர் விலகிவிடும். 100 மீட்டர் தூரத்தில் விலகல் 1 மீட்டர் 75 சென்டிமீட்டர் ஆகும். நெடுஞ்சாலையில் ஒரு தடத்தின் அகலம் சுமார் மூன்றரை மீட்டர்தான். அப்படியானால் குறி பாதித் தடம் தள்ளிப் போய்விடுகிறது!

இதனால் இரண்டு விதமான கேடுகள் வரலாம். நம் வழியில் நிற்கும் மோட்டார் சைக்கிளைப் பக்கத்தில் நிற்பதாகக் கருதி, கார் பேசாமல் இருந்துவிடலாம். அல்லது ஓரத்தில் நிற்பதை நம் வழியில் நிற்பதாக எண்ணித் திடீரென்று பிரேக் பிடிக்கலாம். அப்போது பின்னால் வரும் லோரி நம்மீது மோதக்கூடும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீட்டர் ஓடிவிடுகிறது. அந்த ஒரு விநாடி பிந்தினாலும் விளைவு என்ன என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

விளக்கு எரியவில்லையே என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. கேமரா அறவே வேலை செய்யாவிட்டால் விளக்கு எரியும். ஆனால் சற்றுக் கோணலாகப் பார்க்கும் கேமராவுக்குத் தான் கோணலாகப் பார்ப்பது தெரியாமலேயே போகலாம். ஆகவே விளக்கு எரியாததைச் சான்றாகக் கொள்ளாதீர்கள்.

இதற்குச் செய்ய வேண்டியது, கேமராவுக்கு மறுபடியும் நேர் எது என்று கற்றுக்கொடுப்பதாகும். பட்டறையில் இதைக் கேலிபரேஷன் என்பார்கள்; குறி சரிசெய்தல் என்று நாம் சொல்லலாம். இது இரண்டு வகைப்படும். முதல் வகையில் காரைச் சமதளமான இடத்தில் நிறுத்தி, குறிகள் வரைந்த பலகை ஒன்றை அதன் முன்னே அளந்த தூரத்தில், அளந்த உயரத்தில் வைக்கிறார்கள். கேமரா அந்தப் பலகையைப் பார்க்க, கணினிக் கருவி அதன் பார்வையைச் சரிப்படுத்துகிறது. டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும். காரில் சுமை இருக்கக் கூடாது. பின்னால் இரண்டு மூட்டை அரிசி இருந்தால் காரின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும் அல்லவா? இரண்டாம் வகையில், கருவியைப் பொருத்திக்கொண்டு கோடுகள் தெளிவாக உள்ள சாலையில் குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டிச் சரிசெய்கிறார்கள். எந்தக் காருக்கு எது வேண்டும் என்பதைத் தயாரித்த நிறுவனமே வகுத்திருக்கிறது. சில கார்களுக்கு இரண்டும் வேண்டும்.

பலகை வைத்துச் செய்யும் வேலையை லயன் முற்றத்தில் செய்ய முடியாது. கையால் அசைத்துப் பார்த்தும் செய்ய முடியாது. ஜப்பானில் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், கேமரா உள்ள முன்கண்ணாடியைக் கழற்றி மாற்றுவதையும் கேமராவின் குறியைச் சரிசெய்வதையும், சான்று பெற்ற பட்டறைகள் செய்ய வேண்டிய பணிகளாக வகுத்தது. அதன் முக்கியத்துவத்தை இதிலிருந்தே உணரலாம்.

இனி, கண்ணாடிக் கடைக்குப் போகும்போது கேட்க வேண்டியவற்றைப் பார்ப்போம்.

முதலாவது, இந்தக் கண்ணாடி கேமரா உள்ள காருக்கென்றே செய்யப்பட்டதா என்று கேளுங்கள். ஒரே காரில் கேமரா உள்ள வகைக்கு ஒரு கண்ணாடி, இல்லாத வகைக்கு வேறு கண்ணாடி என்று இருக்கலாம்.

இரண்டாவது, கேலிபரேஷனை நீங்களே செய்வீர்களா, இல்லை நிறுவனத்தின் பட்டறைக்கு நாங்கள் கொண்டுபோக வேண்டுமா என்று கேளுங்கள். வேலையைத் தொடங்கும் முன்னரே கேட்பது நல்லது.

மூன்றாவது, செய்து முடித்ததற்குத் தேதியுடன் எழுத்தில் தாள் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் காரை விற்கும்போதும் அது உதவும்.

நான்காவது, ஒட்டுப் பசை இறுகும்வரை எவ்வளவு நேரம் காரை ஓட்டக் கூடாது என்று கேளுங்கள். பசைக்குத் தக்கபடி அது ஒரு மணி நேரமாகவும் இருக்கலாம், பல மணி நேரமாகவும் இருக்கலாம். பல கார்களில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருப்பவரின் காற்றுப்பை விரியும்போது முன்கண்ணாடியின்மீது சாய்ந்துதான் நிற்கிறது. கண்ணாடி பெயர்ந்தால் காற்றுப்பையால் பயன் இல்லை.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். முழுக் காப்புறுதி எடுத்தவர்களுக்கும் முன்கண்ணாடிக்கான காப்பு தானாக வந்துவிடாது. தனிக் கட்டணம் செலுத்திச் சேர்க்க வேண்டும். கண்ணாடிக்கு எவ்வளவு தொகை குறிப்பிடுகிறோமோ அதில் 15 விழுக்காடு கட்டணமாக வாங்குவது வழக்கம். 1,000 வெள்ளிக்கு எடுத்தால் 150 வெள்ளி ஆகும். இந்தக் காப்பின்கீழ் கண்ணாடியை மாற்றினால், விபத்தில்லா ஓட்டத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி குறைவதில்லை. காப்புறுதியைப் புதுப்பிக்கும் நாளிலேயே, கேலிபரேஷன் செலவும் இதில் அடங்குமா என்று கேட்டு, அதற்கும் சேர்த்துத் தொகையைக் குறிப்பிடுவது புத்திசாலித்தனம்.

புள்ளி சிறியதாக இருக்கும்போதே கடைக்குப் போனால் பசை ஊற்றி அடைத்துவிடலாம். கண்ணாடியை மாற்றவே வேண்டியிராது. ஆனால் புள்ளி கேமராவுக்கு நேராக இருந்தால் அடைத்த தழும்பே பார்வையை மறைக்கும். அதைக் கடைக்காரரிடம் காட்டிக் கேட்டுச் செய்ய வேண்டும். முன்புறம் மோதி அடிபட்டாலும், சக்கரத்தின் அமைப்பைச் சரிசெய்தாலும், கேமராவைக் கழற்றினாலும் குறியைச் சரிபார்க்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டிலும் நாம் கவனிக்க வேண்டியவை உண்டு. புதுக் காருக்குப் பூசை போடும்போது கண்ணாடியில் திருநீறும் குங்குமமும் இடுகிறோம். தாராளமாக இடலாம், கேமராவுக்கு எதிரே இல்லாமல் கீழ் ஓரத்தில் இடுவோம். கேமராவின் முன்னே கறுப்புத் தாளோ, ஒட்டுப் படமோ, தொங்கும் மாலையோ வேண்டாம். முக்கியமாக, கேமரா வேலை செய்கிறதா என்று பார்க்க எதன்மீதும் காரை ஓட்டிச் சோதிக்காதீர்கள். இளைஞர்கள் விளையாட்டாகச் செய்யும் இந்தச் சோதனை உயிரைக் கேட்டுவிடும்.

பட்டறைக்குப் போக நாளாகும் என்றால், அதுவரை இந்தக் காருக்குக் கண்ணே இல்லை என்று எண்ணி ஓட்டுங்கள். சரிசெய்த பிறகும் அது உதவியாள்தான்; ஓட்டுபவர் நாமே.

அந்திசாயும் நேரத்தில் தோட்டத்து வாசலில் பள்ளிப் பேருந்து நிற்கிறது. பிள்ளைகள் இறங்கிச் சாலையைக் கடக்கிறார்கள். அப்போது வரும் கார் யாருடையதாகவும் இருக்கலாம். நம் மகன் ஓட்டி வருவதாகவும் இருக்கலாம். அந்தக் காரின் கண் நேராகப் பார்க்கிறதா என்பதை, கண்ணாடி மாற்றிய அன்றே நாம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.