கீமோ ஒரு பக்கம், மாத்திரைப் பை மறுபக்கம்: வயதான புற்றுநோயாளிகள் வீட்டில் கவனிக்க வேண்டியது என்ன?

காஞ்சிபுரம் காரப்பேட்டையில் இருக்கிறது அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை. இதே ஊரில் பிறந்து, 1969-ல் புற்றுநோயால் மறைந்த முதல்வரின் பெயரைத் தாங்கியது. இதுபோன்ற மருத்துவமனைக்கு வரும் 65, 70 வயதுக்காரர் பலருக்கு, புற்றுநோய் முதல் நோய் அல்ல. பிபி, சுகர், மூட்டுவலி என்று ஏற்கெனவே பல வருஷமாக மாத்திரை சாப்பிடுபவர்கள்தான்.

கீமோ மருந்தை உயரம், எடை பார்த்துக் கணக்கிட்டுத் தருகிறார்கள். ஆனால் வீட்டில் பையில் கிடக்கும் மற்ற மாத்திரைகளை மொத்தமாக யார் பார்ப்பது? பெரும்பாலும் யாரும் இல்லை. சிக்கல் அங்கேதான்.

எங்கெங்கிருந்து வருகின்றன?

பிபி, சுகர் மாத்திரை 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரலாம். இதயத்துக்கு எழுதியவர் சென்னை டாக்டராக இருக்கலாம். தூக்க மாத்திரை எப்போதோ யாரோ எழுதியது. வலி மாத்திரையோ, மருந்துக்கடையில் கேட்டு வாங்கியது. குழித்தறியில் முப்பது, நாற்பது வருஷம் உட்கார்ந்து நெய்தவருக்கு முதுகும் முழங்காலும் சும்மா இருக்குமா? ‘வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க’ என்பது பழகிப்போன ஒன்று. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சரியாகவே தெரியும். சேரும்போதுதான் வினை.

வயதானால் என்ன மாறுகிறது?

சிறுநீரகமும் கல்லீரலும் மெதுவாக வேலை செய்யும். மருந்து உடம்பில் அதிக நேரம் தங்கும். கீமோ காலத்தில் சாப்பாடும் தண்ணீரும் குறைந்தால் ஆபத்து இன்னும் கூடும். முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளை அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991-ல் பட்டியலிட்டார். ‘பியர்ஸ் பட்டியல்’ எனப்படும் இது 2023-ல் புதுப்பிக்கப்பட்டது.

எது, எதனால் ஆபத்து?

• வலி மாத்திரை: டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். சிஸ்பிளாட்டின் கீமோவும் அதையே பாதிக்கும். ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தால் ரத்தக்கசிவும் வரலாம்.

• சுகர் மாத்திரை: வாந்தியைத் தடுக்கத் தரும் டெக்ஸாமெத்தசோன் சுகரை ஏற்றும். அதே ஆள் மறுவாரம் சாப்பிட முடியாமல் இருக்கும்போது, கிளைபென்கிளமைடு போன்ற மாத்திரை சுகரை அபாயகரமாக இறக்கிவிடும்.

• தூக்க மாத்திரை: அல்பிரசோலம் போன்றவற்றால் தடுமாற்றம், குழப்பம், கீழே விழுதல் நேரலாம். புற்றுநோய் வலிக்கு மார்ஃபினும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும்.

• சளி மருந்து: குளோர்ஃபெனிரமைன் கலந்த சிரப், பெரியவர்களுக்கு மனக்குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் தரலாம்.

• மனச்சோர்வு மருந்து: மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிஃபென் உடம்பில் வேலை செய்யும் வடிவமாக மாறுவதை பராக்சிடின், ஃபுளுவாக்சிடின் தடுக்கும்.

மாத்திரைக்கு மாத்திரை

அம்லோடிபின் என்ற பிபி மாத்திரையால் சிலருக்குக் கால் வீங்கும். அதைப் புது நோய் என்று நினைத்து, நீர் பிரிய இன்னொரு மாத்திரை. அதனால் நீர்ச்சத்து குறைந்து தலைசுற்றல். தலைசுற்றலுக்கு மூன்றாவது மாத்திரை. முதல் மாத்திரையை மாற்றியிருந்தாலே போதும்.

நாமே நிறுத்திவிடலாமா?

கூடவே கூடாது. அட்டெனலால், ஸ்டீராய்டு, தூக்க மாத்திரை போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் வேறு ஆபத்து வரும். ஆனால் டாக்டர் பார்த்துக் குறைக்கலாம். அமெரிக்காவில் 2015-ல் வெளியான ஓர் ஆய்வு, வாழ்நாள் ஒரு வருஷத்துக்குள் எனக் கணிக்கப்பட்ட 381 பேரை எடுத்துக்கொண்டது. அவர்களில் கிட்டத்தட்ட பாதிப்பேர் புற்றுநோயாளிகள். கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தியவர்களுக்கும் தொடர்ந்தவர்களுக்கும், 60 நாள் இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. நிறுத்தியவர்களின் வாழ்க்கைத்தரம் சற்று மேம்பட்டது.

பிள்ளைகள் என்ன செய்யலாம்?

ஒரகடத்திலோ சென்னையிலோ வேலை பார்த்தாலும் இது முடியும். வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும் போட்டோ எடுத்து போனில் வையுங்கள். சித்த மருந்து, நாட்டு மருந்து, சத்து மாத்திரை எதையும் விடாதீர்கள். கீமோ தொடங்கும் முன்பும், மருந்து மாறும் ஒவ்வொரு முறையும் பையோடு டாக்டரிடம் காட்டி மூன்று கேள்வி கேளுங்கள்: ‘இது இன்னும் தேவையா? கீமோவோடு ஒத்துப்போகுமா? சாப்பிட முடியாத நாளில் என்ன செய்வது?’

கீமோ காலத்தில் காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டு அடக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். திடீர்க் குழப்பம், மயக்கம், கீழே விழுதல் என்றாலும் ‘வயசாச்சு, அப்படித்தான்’ என்று விடாதீர்கள். காரணம் ஒரு மாத்திரையாகவும் இருக்கலாம்.

மொத்தப் பட்டியலையும் சரிபார்க்க முதியோர் நல மருத்துவரை அணுகலாம். சென்னை கிண்டியில் 2024-ல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை இதற்கென்றே இருக்கிறது.