மகப்பேறு விடுப்பு (இந்தியா)

மகப்பேறு விடுப்பு என்பது பணிபுரியும் பெண்கள் பேறுகாலத்தில் ஊதியத்துடன் பெறும் விடுப்பாகும். புதுச்சேரி உட்பட இந்தியா முழுவதற்கும் 1961 ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் இவ்வுரிமையை வழங்கியது. 2017 திருத்தம் விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. ஏற்கெனவே இரு குழந்தைகள் உள்ளவர்களுக்கு 12 வாரம். பேறு எதிர்பார்க்கப்படும் நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாட்களாவது வேலை செய்திருக்க வேண்டும். விடுப்பில் உள்ளவரைப் பணிநீக்கம் செய்வது சட்டவிரோதம்.

தினக்கூலிப் பெண்கள்

தில்லி மாநகராட்சி, நிரந்தரப் பணியாளர்களுக்கு மட்டுமே இவ்விடுப்பு உண்டு எனக் கூறித் தினக்கூலிப் பெண்களுக்கு மறுத்தது. 2000 மார்ச் 8 அன்று உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை நிராகரித்து, சாலைப் பணி செய்யும் தினக்கூலிப் பெண்களுக்கும் இவ்வுரிமை உண்டு எனத் தீர்ப்பளித்தது.