கடலில் ஒரு குரல் – 11: சர்வேயர் ஏறும் முன்

பன்னாட்டுப் பயணம் செய்யும் சரக்குக் கப்பல்களில் மொத்த டன்னேஜ் 300-ம் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு ரேடியோ பாதுகாப்புச் சான்றிதழ் கட்டாயம். கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையின் 4-ஆம் அத்தியாய நிபந்தனைகளைக் கப்பல் நிறைவேற்றுகிறது என்பதற்கான சான்று இது. சான்றிதழ் 5 ஆண்டு வரை செல்லும். ஆனால் ஆண்டுதோறும் சர்வே நடந்து அதில் குறிப்பு ஏற வேண்டும். சான்றிதழின் ஆண்டு நிறைவு நாளுக்கு முன்னும் பின்னும் மும்மூன்று மாதம் அவகாசம் உண்டு.

ஆயத்தம் ரேடியோ பதிவேட்டில் தொடங்குகிறது. டி.எஸ்.சி. (எண்முறைத் தேர்வு அழைப்பு) கருவியின் உட்சோதனை தினமும், கரை நிலையத்துக்குச் சோதனை அழைப்பு வாரம் ஒருமுறை, ஈபர்ப் (ஆபத்து இடங்காட்டி), சார்ட் (தேடல்-மீட்பு இடங்காட்டி) சோதனை மாதம் ஒருமுறை என எல்லாம் அதில் ஏறியிருக்க வேண்டும். விடுபட்ட நாள்களைச் சர்வேக்கு முந்தைய இரவு உட்கார்ந்து நிரப்புவது ஆயத்தம் ஆகாது. கப்பலின் ரேடியோ உரிமம், அதிகாரிகளின் ஜி.எம்.டி.எஸ்.எஸ். (உலகக் கடல் ஆபத்து, பாதுகாப்புத் தொடர்பு முறை) தகுதிச் சான்று, கரைப் பராமரிப்பு ஒப்பந்தம் ஆகியவை ஒரே கோப்பில் இருந்தால் நேரம் மிச்சம்.

அதிகக் கவனம் கேட்பது ஈபர்ப். கப்பல் மூழ்கினால் தானாகக் கழன்று மிதந்து, 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் கருவி இது. நீரழுத்தத்தால் அதை விடுவிக்கும் அமைப்பை வழக்கமாக 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பேட்டரியின் காலாவதித் தேதி உறைமேலேயே இருக்கும். ஈபர்ப்பின் கயிற்றை யாராவது கப்பல் கம்பியில் கட்டி வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது இவற்றைவிட முக்கியம். காற்றில் ஆடாமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு போட்ட அந்த முடிச்சே கருவியைக் கப்பலோடு கடலடிக்கு இழுத்துவிடும். அந்தக் கயிறு உயிர்காப்புத் தெப்பத்தோடு பிணைப்பதற்கானது.

அடுத்தது அடையாள எண். கப்பல் விற்கப்பட்டுக் கொடி மாறினால் எம்.எம்.எஸ்.ஐ. என்னும் அந்த எண்ணும் மாறும், இந்தியக் கப்பலின் எண் 419 என்று தொடங்கும். ஈபர்ப்புக்குள் பழைய எண் தங்கிவிட்டால், ஆபத்து நேரத்தில் மீட்பு மையம் பழைய நாட்டின் பதிவேட்டில் பழைய உரிமையாளரைத் தேடிக்கொண்டிருக்கும். ஆகவே கருவி ஒலிபரப்பும் குறியீடு, உறைமேல் உள்ள எண், பதிவு ஆவணம் மூன்றையும் ஒப்பிட வேண்டும். டி.எஸ்.சி., ஏ.ஐ.எஸ். (தானியங்கி அடையாளங்காட்டி) கருவிகளிலும் அதே எம்.எம்.எஸ்.ஐ. எண்தான் இருக்க வேண்டும்.

மாற்று மின்சாரத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். விதிப்படியான அவசர ஜெனரேட்டர் உள்ள கப்பலில் ரேடியோ பேட்டரிகள் 1 மணி நேரமும், இல்லாத கப்பலில் 6 மணி நேரமும் தாங்க வேண்டும். சார்ஜரை அணைத்து, ஒலிபரப்பிப் பார்த்து, வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது. பேட்டரி முனைகளில் பூத்த உப்பைத் துடைத்து கிரீஸ் தடவ வேண்டும். ஆண்டெனாக்களின் இணைப்பையும் இன்சுலேட்டர்களையும் உப்பில்லாமல் துடைத்து வைக்க வேண்டும்.

500 டன்னேஜும் அதற்கு மேலும் உள்ள கப்பலில் கைப்பிடி வி.எச்.எஃப். ரேடியோ 3, சார்ட் 2 இருக்க வேண்டும். கைப்பிடிக் கருவியின் அவசர பேட்டரி முத்திரை உடையாமல் இருக்க வேண்டும். அன்றாடப் பேச்சுக்கு வேறு பேட்டரி. கடல் எச்சரிக்கைச் செய்திகளைப் பெறும் நாவ்டெக்ஸ் கருவி 518 கிலோஹெர்ட்ஸில் அண்மைச் செய்திகளைப் பெற்றிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஆள். பொறுப்பு அதிகாரியிடம் ஆபத்து அழைப்பு விடும் முறையைச் சர்வேயர் கேட்பார். பொத்தானை அழுத்தாமல் விளக்கத் தெரிய வேண்டும். சோதனையில் கைதவறி உண்மையான அழைப்பு போய்விட்டால், கருவியை அணைத்துவிட்டு மறைக்கக் கூடாது. அருகிலுள்ள மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்கு உடனே சொல்லி அழைப்பை ரத்து செய்து, அதையும் பதிவேட்டில் எழுத வேண்டும்.