தலைப்பு ஒன்று தாருங்கள்

கொழும்பின் கிருலப்பனையில் மாலை வேளையில் 138 பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களில் ஒருவராவது ஒரு காலத்தில் கவிதை எழுதியவராக இருப்பார். இப்போது எழுதுவதில்லையா என்று கேட்டால், "ஒண்டும் வருகுதில்லை" என்பார். சொல்ல அவரிடம் நிறைய உண்டு. எங்கே தொடங்குவது என்பதில்தான் பேனா நின்றுபோகிறது. அப்படி நின்றவரை எழுதவைக்கத் தமிழில் நெடுங்காலமாக ஒரு வழி இருக்கிறது. அவர் கையில் ஒரு சொல்லைக் கொடுத்துவிடுவது.

ஈற்றடி கொடுத்து வெண்பாப் பாடச் சொல்வது நம் புலவர் மரபு. 'செருப்பு' என்று தொடங்கி 'விளக்குமாறு' என்று முடியுமாறு முருகனைப் பாடும்படி காளமேகப் புலவரிடம் கேட்டதாக ஒரு கதை வழங்குகிறது. அவர் 'செருப்புக்கு' என்று தொடங்கி, அதைச் செரு, புக்கு என்று பிரித்தார். செரு என்றால் போர்; புக்கு என்றால் புகுந்து. முருகன் போருக்குள் புகுந்துவிட்டான். கடைசிச் சொல் துடைப்பமாக இல்லாமல், 'விளக்கிச் சொல்லும்படி' வண்டிடம் கேட்கும் வேண்டுகோளாயிற்று. விருப்பம்போல் பாடச் சொல்லியிருந்தால் அந்த இரு சொற்களின் பக்கமே அவர் போயிருக்க மாட்டார். நிபந்தனைதான் அந்தப் பாட்டைக் கொண்டுவந்தது.

உருதுக் கவியரங்குகளிலும் ஓர் அடியை முன்கூட்டியே கொடுத்து, அதன் சந்தத்திலும் இயைபிலும் எல்லோரையும் எழுதச் சொல்லும் வழக்கம் உண்டு. ஜப்பானிய அரண்மனையின் புத்தாண்டுக் கவியரங்குக்கு ஒரு சொல்லை முன்னதாகவே அறிவிக்கிறார்கள். பொதுமக்களும் அதற்கு எழுதி அனுப்புகிறார்கள்.

கொழும்புக்கும் கவியரங்கு புதிதல்ல. போயா தினங்களில் கவியரங்கு கூட்டி, புதியவர்களையும் மேடையேற்றிவருகிறது வலம்புரி கவிதா வட்டம். கொழும்புக்கு வெளியே, புலம்பெயர்ந்த தமிழரின் வானொலிகள் சிலவும் வாராவாரம் தலைப்பு அறிவித்து நேயர் கவிதைகளை வாசிக்கின்றன.

ஆனால் நாம் கொடுக்கும் தலைப்புகள் பெரும்பாலும் மிகப் பெரியவை. தாய்மை, சமாதானம், தமிழ் என்று கொடுத்தால் எல்லோரும் ஏற்கெனவே கேட்ட வரிகளையே எழுதுவார்கள். 'அம்மாவின் குடை' என்று கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு வீட்டுக் குடையும் வேறு. கவிதையும் வேறாகத்தான் வரும். தலைப்பு கைக்குள் அடங்கும் பொருளாக இருக்க வேண்டும்.

வடிவமும் சிறியதாக இருந்தால் வாரந்தோறும் முடிக்கலாம். மஹாகவி உருத்திரமூர்த்தி 1966இல் 'குறும்பா' நூலில் அதற்கு வழி காட்டினார். ஐந்தே அடி. ஒன்று, இரண்டு, ஐந்தாம் அடிகள் ஓரியைபு. பஸ்ஸில் நின்றபடியே மனத்துக்குள் கட்டிவிடலாம்.

இந்த மாதத்துக்கு நான்கு தலைப்புகள்:

முதல் வாரம்: மழை விட்டபின் கிருலப்பனைக் கால்வாயின் நிறம்.
இரண்டாம் வாரம்: கண்டக்டரிடம் நின்றுபோன மிச்சக் காசு.
மூன்றாம் வாரம்: தொடர்மாடிப் பல்கனியில் ஒரு கறிவேப்பிலைச் சாடி.
நான்காம் வாரம்: வாட்ஸ்அப்பில் மட்டும் பார்த்த பேரப்பிள்ளை.

திங்கட்கிழமை தலைப்பை எடுங்கள். ஞாயிறு இரவுக்குள் முடியுங்கள். நன்றாக வந்ததா என்று முதல் மாதம் கேட்காதீர்கள். எழுதியதை வீட்டில் ஒருவருக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். பிறகு அடுத்த தலைப்பை அவரிடமே கேளுங்கள்.