கருவூலத்துக்குத் திரும்பாத நோட்டுகள்

அமெரிக்கப் பழைய பணத்தாள்களைச் சேகரிப்போர் ஒரு நோட்டின் விலையை அதன் வயதைக் கொண்டு மட்டும் அளப்பதில்லை. உள்நாட்டுப் போரில் பிரிந்துசென்ற தென் மாநிலங்களின் கூட்டமைப்பு 1864-இல் அச்சிட்ட நோட்டுகள், தோற்றுப்போன அரசின் தாளை மாற்றிக்கொடுக்க எவரும் இல்லாமையால் வீடுகளிலேயே தங்கிவிட்டன. அதனால் அவற்றுள் பல இன்றும் எளிய விலைக்குக் கிடைக்கின்றன. வாக்குத் தவறாத அரசின் நோட்டுகளோ நாணயமாக மாற்றப்பட்டுக் கருவூலத்துக்குத் திரும்பி அழிக்கப்பட்டமையால் அரியவையாயின.

இதற்கு 1890-ஆம் ஆண்டின் ஆயிரம் டாலர் கருவூல நோட்டு சிறந்த சான்று. அவ்வாண்டு இயற்றப்பட்ட ஷெர்மன் வெள்ளிக் கொள்முதல் சட்டத்தின்படி, அரசு தான் வாங்கிய வெள்ளிக்கு விலையாகக் கொடுத்ததும், நாணயமாக மாற்றிக்கொள்ளத் தக்கதுமான தாளே கருவூல நோட்டு எனப்பட்டது. அதன் முன்பக்கத்தில் கெட்டிஸ்பர்க் போரில் வென்ற தளபதி ஜார்ஜ் மீட் காட்சியளிக்க, பின்பக்கத்தில் 1000 என்னும் எண்ணின் மூன்று சுழியங்களும் பச்சை வரியோடிப் பருத்துத் தர்ப்பூசணிப் பழங்களைப் போலத் தோன்றுவதால், சேகரிப்பாளர்கள் அதற்குப் ‘பெரிய தர்ப்பூசணி’ என்றே பெயரிட்டுவிட்டனர். அக்காலத்தில் ஆயிரம் டாலரை நினைவுப்பொருளாக எடுத்துவைக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? எஞ்சியவை விரல்விட்டு எண்ணத் தக்கவை. அவற்றுள் ஒன்று 2014-இல் 32.9 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று.

அத்தகைய செல்வம் இல்லாதவர்களை ஈர்ப்பவை தேசிய வங்கி நோட்டுகள். உண்மையில் இவையே சுவை மிகுந்தவை. 1863-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் தொடங்கி 1935 வரை, பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வங்கிகள் ஒரே மாதிரியான வடிவில், தத்தம் பெயரும் ஊரும் உரிம எண்ணும் பொறித்து இவற்றை வெளியிட்டன. ஆகவே நியூயார்க் பெருவங்கியின் நோட்டு மலிவாகவும், சில ஆண்டுகளில் மூடப்பட்ட ஒரு சிற்றூர் வங்கியின் அதே நோட்டு பன்மடங்கு விலையுடையதாகவும் அமைவதுண்டு.

தாளின் நிலையும் விலையை ஆட்டிப்படைக்கும். நடுவில் விழுந்த ஒரு மடிப்பே தரத்தைக் குறைத்துவிடும் என்பதால், சிலர் நோட்டைக் கழுவி, அழுத்தித் தேய்த்துப் புதியதாகக் காட்ட முயல்வர். ஆனால் அச்சின் மேடுபள்ளம் தட்டையாகிப்போவதைக் கொண்டு, எழுபது வரை மதிப்பெண் இடும் தர மதிப்பீட்டாளர்கள் அதைக் கண்டுகொள்வர்.

1861 முதல் அமெரிக்கக் கூட்டரசு வெளியிட்ட நோட்டுகள் இன்றும் செல்லுபடியாகும். பெரிய தர்ப்பூசணியைக் கொடுத்தும் கடையில் பொருள் வாங்கலாம், ஆனால் ஆயிரம் டாலருக்கு மட்டுமே.