இருநூறு நிமிடத்தைப் பங்கு போடுகிறவர்

மே மாதம் வந்துவிட்டால் தேனிப் பக்கம் கூடைப்பந்துப் பேச்சு சூடு பிடித்துவிடும். பெரியகுளத்தில் சில்வர் ஜூப்ளி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டிக்கு அறுபது ஆண்டுகால வரலாறு உண்டு. போடியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். இந்தியன் வங்கி, இந்தியக் கடற்படை, கேரள மின்வாரியம் என்று பெரிய அணிகள் விளக்கு வெளிச்சத்தில் மோதும்போது கூட்டத்தின் கண் பந்தைவிட்டு நகராது. கோட்டுக்கு வெளியே தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும் பயிற்சியாளரை யாரும் பொருட்படுத்துவதில்லை. கத்துவதற்குத்தான் அவருக்குச் சம்பளம் என்று நினைக்கிறவர்களே அதிகம். உண்மையில் அவர் ஆட்டம் முழுக்க ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

சர்வதேச விதிப்படி ஓர் ஆட்டம் பத்துப் பத்து நிமிடமாக நான்கு பகுதி, ஆக 40 நிமிடம். களத்தில் ஒரு நேரத்தில் ஐந்து பேர். இரண்டையும் பெருக்கினால் 200 நிமிடம். இதைப் பன்னிரண்டு பேருக்குப் பங்கு போட வேண்டும். சமமாகப் போட்டால் தோல்வி உறுதி. நல்ல ஐந்து பேருக்கே மொத்தத்தையும் கொடுத்தாலும் கடைசிப் பகுதியில் கால் ஓடாது. 1995இல் ஆஸ்திரேலிய ஆட்டக்காரர்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று, பந்து ஆட்டத்தில் இருக்கும் நேரத்தில் முக்கால் பங்கு அவர்களுடைய இதயத்துடிப்பு உச்ச அளவின் 85 சதவீதத்துக்கு மேலேயே நின்றதைக் காட்டியது. அந்த வேகத்தில் ஓடுகிறவன் களைத்த பிறகு அவனை வெளியே எடுப்பது தாமதம். களைப்பதற்குச் சற்று முன்பே எடுக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் அவன் நன்றாக ஆடிக்கொண்டிருப்பான், கூட்டம் கோபப்படும், அவனும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

இதில் பௌல் கணக்கும் சேர்ந்துகொள்ளும். ஒருவர் ஐந்து பௌல் செய்தால் வெளியேற வேண்டும். முக்கிய ஆட்டக்காரர் முதல் பத்து நிமிடத்திலேயே இரண்டு பௌல் வாங்கிவிட்டால் என்ன செய்வது? பெரும்பாலான பயிற்சியாளர்கள் உடனே உட்கார வைத்துவிடுவார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பின்னால் இழக்கலாம் என்ற பயத்தில் இப்போதே இழப்பது அது. ஆனால் தோற்றால் பழி பயிற்சியாளர் தலையில்தான் விழும் என்பதால் அவர்கள் பத்திரமான வழியைத் தேடுகிறார்கள்.

யார் எப்போது தயார் என்று கண்டுபிடிப்பதுதான் இந்தத் தொழிலின் கஷ்டமான பகுதி. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவர்களுக்கு இது எளிதில் புரியும்: ஒரே சரத்தில் இருக்கும் காய்கள் ஒரே நாளில் முற்றுவதில்லை, முற்றியதை மட்டும் பார்த்து எடுத்துவிட்டுச் சில வாரம் கழித்து அதே செடிக்குத் திரும்ப வர வேண்டும். பத்தொன்பது வயதுப் பையன் பயிற்சியில் அள்ளிக் குவிக்கிறான் என்பதற்காக அவனை ஒரு புள்ளி இழுபறியில் கடைசி நிமிடத்தில் இறக்கிவிட முடியாது. இருபது புள்ளி முன்னிலையில் இருக்கும்போது மூன்று நிமிடம் விட்டுப் பார்க்கலாம்.

பெஞ்சில் இருப்பவர்கள் கதை இன்னும் நுட்பமானது. அர்ஜென்டினாவின் மனு ஜினோபிலி 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியின் நாயகன். அவரை என்பிஏவின் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியில் கிரெக் போபோவிச் பெரும்பாலும் தொடக்க ஐவரில் சேர்க்காமல் பெஞ்சிலிருந்து இறக்கினார். எதிரணியின் முதல் ஐவர் களைத்து ஓய்வெடுக்கும் நேரத்தில் ஜினோபிலி உள்ளே வருவார். 2008இல் சிறந்த மாற்று ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது. நான்கு முறை கோப்பையும் வென்றார். திட்டம் போடுவது எளிது. உலகத் தரமான ஒருவரை அதற்குச் சம்மதிக்க வைப்பதுதான் அரிது.

நட்சத்திரங்களைக் குவித்தால் வெற்றி வரும் என்ற நம்பிக்கையையும் ஆய்வு அசைத்திருக்கிறது. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், கூடைப்பந்திலும் கால்பந்திலும் உயர் திறமையாளர்கள் ஓர் அளவுக்கு மேல் சேர்ந்தால் அணியின் ஆட்டம் தேய்வது தெரிந்தது. பேஸ்பாலில் அப்படி இல்லை. அங்கே ஒவ்வொருவரும் தனித்தனியாக அடிக்கலாம். இங்கே இருப்பது ஒரே பந்து, கூடையை நோக்கி எறிய 24 விநாடி.

இனி டைம்அவுட்டுக்கு வருவோம். முதல் பாதியில் இரண்டு, இரண்டாம் பாதியில் மூன்று. ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். ஐம்பதாவது விநாடியில் எச்சரிக்கை மணி அடித்துவிடும். ஆட்டக்காரர்கள் வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கியது போக மிஞ்சுவது அரை நிமிடம். மனம் ஒரே நேரத்தில் பிடித்து வைத்துக்கொள்வது நான்கு விஷயம் அளவுக்குத்தான் என்கிறார்கள் உளவியலாளர்கள். இதயம் அடித்துக்கொள்ளும் வேளையில் அதுவும் குறையும். அதனால் கெட்டிக்காரப் பயிற்சியாளர் முதல் சில விநாடி உதவியாளர்களோடு ஒதுங்கிப் பேசிவிட்டு, பிறகு ஆட்டக்காரர்களிடம் வந்து இரண்டே விஷயம் சொல்வார்: எதிரணியின் யாரை எப்படி மறிப்பது, அடுத்த பந்து யார் கையில் போக வேண்டும். சின்னப் பலகையில் நான்கு கோடு. ஐந்து திருத்தங்களை மூச்சுவிடாமல் அடுக்குகிறவரைப் பார்த்தால், அந்த டைம்அவுட் வீண் என்று சொல்லிவிடலாம்.

நம் ஊர்ப் பயிற்சியாளருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. என்பிஏ அணி சரிவராத ஆட்டக்காரரை வேறு அணிக்கு மாற்றிவிடலாம். இங்கே வங்கி, ரயில்வே அணிகளில் இருப்பவர்கள் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவர்கள். பல ஆண்டுகள் அதே முகங்கள்தான், மனஸ்தாபம் வந்தாலும் சேர்ந்தே பயணம் போக வேண்டும். பயிற்சியாளர் கையில் சம்பளமும் இல்லை, நீக்கும் அதிகாரமும் இல்லை. அந்த 200 நிமிடம்தான் அவருடைய ஒரே நாணயம். அதை நியாயமாகச் செலவழிக்கிறார் என்று பன்னிரண்டாவது ஆள் நம்ப வேண்டும்.

அந்த நம்பிக்கை முதலில் தெரிவது தடுப்பாட்டத்தில்தான் என்பது என் கணிப்பு. எறிவது தனித்திறமை. தடுப்பது ஒருவருக்கொருவர் குரல் கொடுத்து, அடுத்தவன் விட்ட இடத்தை ஓடி அடைப்பது. 2014 ஜூலையில் வூஹானில் நடந்த ஆசியக் கோப்பை ஆட்டத்தில் ஸ்காட் ஃப்ளெமிங்கின் பயிற்சியில் இருந்த இந்திய ஆண்கள் அணி, சீனாவை அதன் மண்ணிலேயே முதல் தடவையாக வீழ்த்தியது. இந்தியா எடுத்தது 65 புள்ளிதான், அப்படி ஒன்றும் பெரிய எண்ணிக்கை இல்லை. சீனாவை 58இல் நிறுத்திவிட்டார்கள்.