வீடுகளுக்கு முன்னே வந்த ரயில்

2013 அக்டோபரில் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவின் யு-2 மெட்ரோ தடம் நகரின் கிழக்கு எல்லைவரை நீட்டிக்கப்பட்டபோது, கடைசி நிலையத்தைச் சுற்றி இருந்தது பெரும்பாலும் வெற்று நிலம். முதல் குடும்பங்கள் அங்குக் குடியேறியது அடுத்த ஆண்டின் பிற்பகுதியில்தான். ஆளில்லாத இடத்துக்கு ரயில் எதற்கு? 'ஆஸ்பெர்ன் ஸேஷ்டாட்' என்ற அந்தப் புதிய குடியிருப்பு நகரின் பொருளியல் சூட்சுமமே இந்த வரிசைமுறையில்தான் இருக்கிறது.

1912-இல் திறக்கப்பட்டு 1977-இல் மூடப்பட்ட விமானத்தளம் அது; பரப்பு சுமார் 240 ஹெக்டேர். நடுவே செயற்கை ஏரி ஒன்றை அமைத்து, பல ஆயிரம் பேர் வசிப்பதற்கான பெருந்திட்டம் 2007-இல் ஏற்கப்பட்டது. 'ஸேஷ்டாட்' என்றால் ஏரிநகரம். தெருக்கள் பலவற்றுக்குப் பெண்களின் பெயர்கள்; தத்துவ அறிஞர் ஹன்னா அரெண்டின் பெயரில் ஒரு சதுக்கமே உண்டு.

ரயில் வரப்போகிறது என்றால் நிலத்தின் விலை ஏறும். செலவு வரி செலுத்துவோருடையது. ஆதாயமோ முன்கூட்டியே நிலத்தை வளைத்துப் போட்டவருடையது. ரிக்கார்டோ காலம் தொட்டுப் பொருளியலாளர்கள் விவாதித்துவரும் நிலவாடகைச் சிக்கல்தான் இது. ஸேஷ்டாட்டில் நிலம் முதலிலேயே பொது அமைப்புகளின் கையில் இருந்ததால், விலையேற்றத்தின் பலனை நகரமே பெற வழியிருந்தது. மானிய வீடுகள் கட்டுவோரைத் தேர்ந்தெடுப்பதிலும் வியன்னா ஏலத்தை நம்புவதில்லை. வடிவமைப்பு, செலவு, சுற்றுச்சூழல், சமூக இணக்கம் ஆகியவற்றை வைத்துப் போட்டி நடத்துகிறது.

கடைகளின் கதை இன்னும் சுவையானது. வாடிக்கையாளர் இல்லாமல் கடை வராது. கடை இல்லாமல் மக்கள் வரமாட்டார்கள். சந்தையிடம் விட்டிருந்தால் இந்த முடிச்சு எளிதில் அவிழ்ந்திராது. எனவே, கடைத்தெரு முழுவதையும் ஒரே நிறுவனம் நிர்வகித்து, மருந்தகம், ரொட்டிக்கடை, புத்தகக்கடை என்று எது எங்கே அமைய வேண்டும் எனத் திட்டமிட்டது. வணிக வளாகங்கள் செய்வதை இங்கே திறந்த தெருவில் செய்தார்கள், அவ்வளவுதான்.

குறைகள் இல்லாமலில்லை. தொடக்ககாலச் சதுக்கங்களில் மரநிழல் குறைவு, கற்பாவல் அதிகம் என்ற புகார் நியாயமானது. இப்பகுதியை இணைக்கும் நகரச் சாலையை எதிர்த்து 2021-இல் சூழலியலாளர்கள் கட்டுமான இடங்களிலேயே முகாமிட்டனர்.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. லாப வரம்புக்கு உட்பட்ட சங்கங்கள் கட்டும் வீடுகளில் மாத வாடகை கட்டுக்குள் இருந்தாலும், குடியேறுமுன் கட்டுமானச் செலவின் ஒரு பங்கை முன்பணமாகச் செலுத்த வேண்டும். வெளியேறும்போது அதன் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால், கையில் சேமிப்பே இல்லாதவர் முதலில் உள்ளே நுழைவது எப்படி? குறைந்த முன்பணத்தில் தரப்படும் 'ஸ்மார்ட்' வீடுகள் இதற்கு ஓரளவு விடை. அவை மொத்த வீடுகளில் ஒரு பகுதி மட்டுமே.